திரும்ப வைத்த உப்பு

ஆழிமுகத் துறையில் அந்த வருஷம் யாரும் யாரையும் நம்பவில்லை.

காற்று ஒரு பக்கம் வீசும்போது தீவுக்காரர்களின் கப்பல்கள் வரும். காற்று திரும்பும்வரை துறையில் கிடக்கும். பிறகு மிளகை ஏற்றிக்கொண்டு போய்விடும். இது பாட்டன் காலத்திலிருந்து நடப்பதுதான். ஆனால் தீவுக்காரர்கள் பேசுவது ஊரில் ஒருவருக்கும் புரியாது. கரையில் அவர்கள் இரண்டு பேர் சிரித்தால், அந்தப் பக்கமாகப் போகிறவன் வேட்டி சரியாக இருக்கிறதா என்று குனிந்து பார்த்துக்கொள்வான்.

இரண்டு பேச்சும் தெரிந்தவன் ஊரில் ஒருவன்தான். வீரபாகு. துபாஷி வேலை அவனுடையது. தீவுக்காரர் சொல்வதை ஊருக்கும், ஊர் சொல்வதைத் தீவுக்காரருக்கும் மாற்றிச் சொல்வான்.

சபையில் பெரியவர்களிடம் பேசும்போது நம் வழக்கப்படி அவன் கையால் வாயைப் பொத்திக்கொண்டு பேசுவான். தீவுக்காரர்கள் அதைப் பார்த்துவிட்டு, இவன் எதையோ மறைக்கிறான் என்றார்கள். தீவுக்காரர்களிடம் பேசும்போது அவர்கள் வழக்கப்படி கையை வீசி, வாய் விட்டுப் பேசுவான். ஊர் அதைப் பார்த்துவிட்டு, அவர்களோடு என்ன கொஞ்சல் என்று கேட்டது. மனுஷனுக்கு இருப்பது ஒரு வாய். அதை அவன் எப்படி வைத்துக்கொண்டாலும் யாருக்காவது பிடிக்கவில்லை.

போன சபையில்தான் வினை வந்தது. கப்பல் தலைவன் எழுந்து பேசினான். சபைத் தலைவர் சாத்தப்பர் வாயில் போட்ட வெற்றிலையை மென்று முடிக்கிற வரைக்கும் பேசினான். நடுநடுவே அவன் ஆட்கள் சிரித்தார்கள். அவன் உட்கார்ந்ததும் வீரபாகு வாயைப் பொத்திக்கொண்டு சொன்னான்:

"இந்தத் தடவை பாதி மிளகுதான் வேணுமாம்."

சாத்தப்பர் வெற்றிலையைத் துப்பிவிட்டுக் கேட்டார்.

"அவ்வளவு நேரம் பேசினான். நீ இவ்வளவுதான் சொல்றே. மிச்சம் எங்கே?"

வீரபாகு பதில் சொல்லவில்லை. வாயைப் பொத்திய கையை எடுக்கவும் இல்லை.

அன்றோடு அந்தக் கேள்வி ஊரைப் பிடித்துக்கொண்டது. வீட்டில் மீன் துண்டு ஒன்று குறைந்தாலும் புருஷன்மார் "மிச்சம் எங்கே?" என்றார்கள். வீரபாகு தெருவில் நடந்தால் பின்னாலிருந்து அதே குரல் வந்தது. தீவுக்காரனிடம் காசுக்குக் கை நீட்டிவிட்டான் என்றார்கள். துறையையே விற்றுவிட்டான் என்றார்கள். பார்த்தவர் யாருமில்லை. பார்க்காததால்தான் அது நிச்சயமாகிவிட்டது.

சபைக்கு முன்னால் இரண்டு தீர்மானங்கள் இருந்தன. ஒன்று, வீரபாகுவை மறுநாள் கிளம்புகிற கப்பலில் ஏற்றி அனுப்பிவிடுவது. பெண்டாட்டியும் பெண்ணும் இங்கேயே இருப்பார்கள், அவன் மட்டும் திரும்பக் கூடாது. இன்னொன்று, ஊரிலுள்ள எல்லோரும் அடுத்த காற்றுக்குள் தீவு மொழியைப் படித்தாக வேண்டும். படிக்காதவருக்குச் சபையில் கை தூக்கும் உரிமை கிடையாது. சாயங்காலம் முரசு அடித்ததும் சாத்தப்பர் இரண்டையும் சபையில் வைக்க வேண்டும்.

அன்று வெயில் சாயத் தொடங்கியதும் சாத்தப்பர் உப்பளத்துக் கரையில் இருக்கும் மடத்துக்குப் போனார்.

மடத்தை நடத்துபவர் நங்கையார். சாத்தப்பரைவிட வயதில் மிகவும் சின்னவர். பழைய குரு போன பிறகு மடம் அவர் கைக்கு வந்தது. அதே குருவிடம் பாதி ஆயுள் உட்கார்ந்திருந்த சாத்தப்பர், நரைத்த தலையோடு வந்து நங்கையாரின் காலில் விழுந்து, இனி நீங்கள்தான் என்றார். ஊர் வாய்க்குள் சிரித்தது. அவர் கண்டுகொள்ளவில்லை. அந்த ஒரு விஷயத்தில் அவருக்கு எந்தச் சந்தேகமும் வந்ததில்லை.

மடத்தின் மூலையில் தீவுக்கார மாலுமி ஒருவன் காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். பாய்மரத்திலிருந்து விழுந்து கால் முறிந்தவன். அவன் ஆட்கள் அவனை இங்கே கொண்டுவந்து போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். நங்கையார்தான் பச்சிலை வைத்துக் கட்டி, மூங்கில் பத்தை கொடுத்து, எலும்பைச் சேர்த்தார். மறுநாள் அவனும் கப்பலேற வேண்டும்.

சாத்தப்பர் அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டு அவனுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தார்.

"இவன் இருக்கும்போது பேசலாமா அம்மா?"

"அவனுக்கு நம்ம பேச்சு தெரியாது."

"தெரியாத மாதிரி இருக்கலாம் இல்லையா?"

"இருக்கலாம்" என்றார் நங்கையார். "அப்படியும் ஆளுங்க இருக்காங்க."

சாத்தப்பர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ஒரு கேள்வி கேக்கணும். அந்நிய மொழியைக் குடிமக்கள் எல்லாரும் படிச்சே ஆகணும்னு ஒரு ஊர் சொல்லலாமா?"

"உங்களுக்கு என்ன தோணுது?"

"சொல்லணும்னுதான் தோணுது. தெரியாததாலதானே ஏமாந்து நிக்கிறோம்? எல்லாருக்கும் தெரிஞ்சிட்டா எவனும் நடுவில நின்னு விளையாட முடியாது."

"வலை இழுக்கிறவன் எப்போ படிப்பான்?"

"கரையேறின பிறகு."

"மீன் விக்கிறவ?"

"வித்த பிறகு. கஷ்டம்தான் அம்மா. ஆனா துறையில வாழுறவனுக்கு அது கடமை."

"சரி. யார் சொல்லிக் கொடுப்பா?"

  ஊரில் அந்த மொழியைச் சொல்லித்தர இருந்தது ஒரே ஆள். அவனைத்தான் நாளைக்குக் கப்பலில் ஏற்றப்போகிறார்கள். இந்த இடக்கு சபையில் இதுவரை ஒருவர் மூளைக்கும் எட்டவில்லை.

"தீவுக்காரங்கள்லயே ஒருத்தனை வச்சுக்கலாம்" என்றார் சாத்தப்பர் கடைசியில்.

"அவன் சரியாத்தான் சொல்லிக் கொடுக்கிறான்னு எப்படித் தெரியும்?"

"மேற்பார்வைக்கு ஒருத்தர்..."

"அவருக்கு அந்த மொழி தெரிஞ்சிருக்கணுமே. உங்களுக்குத் தெரியுமா?"

"எனக்கா?" சாத்தப்பர் சட்டென்று சொன்னார். "ஒரு வார்த்தைகூடத் தெரியாது."

நங்கையார் தலையை ஆட்டினார்.

"பசியோட வந்திருப்பீங்க. கஞ்சி குடிச்சிட்டுப் பேசுவோம்."

அந்த மடத்தில் கஞ்சிப் பானையில் உப்புப் போடும் வழக்கம் இல்லை. ஒவ்வொருவர் உடம்பும் ஒவ்வொரு அளவு உப்பைக் கேட்கும் என்பது பழைய குருவின் கணக்கு. கிண்ணத்தோடு ஒரு வாழை இலைத் துண்டு வரும். அதில் உப்பு இருக்கும். அவரவருக்கு வேண்டியதை அவரவர் கிள்ளிப் போட்டுக்கொள்ள வேண்டும். மடத்துக்கு வருகிறவர்கள் கிண்ணம் தரையைத் தொடும் முன்னாலேயே உப்பைக் கையில் எடுத்திருப்பார்கள். பழக்கம் அப்படி.

நங்கையார் முதலில் மாலுமிக்குக் கஞ்சி கொடுத்தார். பிறகு சாத்தப்பருக்கு வைத்தார். சாத்தப்பர் வழக்கம்போல் நாலு விரலில் உப்பை அள்ளினார்.

மாலுமி ஒரு வாய் குடித்தான். கிண்ணத்தைக் கீழே வைத்தான். இங்கே வந்து கற்றுக்கொண்டபடி நங்கையாரைப் பார்த்து இரண்டு கைகளையும் கூப்பினான். முகம் மலர, குரல் குழைய, தன் மொழியில் என்னவோ நீளமாகச் சொன்னான். பார்க்கிறவர்களுக்குச் சாமி கும்பிடுகிற மாதிரி இருந்தது. பிறகு கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு மீதிக் கஞ்சியை ஒரே மூச்சில் குடித்தான்.

சாத்தப்பரின் கை கிண்ணத்துக்கு மேலே நின்றது. பிறகு மெதுவாக இறங்கி, உப்பை இலையிலேயே திரும்ப வைத்தது.

நங்கையார் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உப்பு வேண்டாமா?"

"குறைச்சுக்கலாம்னு பாக்குறேன். வயசாகுது இல்லையா."

"ஒரு வாய்கூடக் குடிக்கலையே நீங்க. குறைக்கணும்னு எப்படித் தெரிஞ்சுது?"

 சாத்தப்பரின் காது மடல் சிவந்தது.

"தம்பி என்ன சொன்னான்?" என்றார் நங்கையார்.

உப்பளத்திலிருந்து காற்று வந்து போயிற்று. இனி தெரியாது என்று சொல்ல முடியாது. சாத்தப்பர் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"கஞ்சி நல்லா இருக்குன்னு சொன்னான்."

"அவன் நீளமா இல்ல பேசினான்? நீங்க இவ்வளவுதான் சொல்றீங்க." நங்கையார் குரலை உயர்த்தவில்லை. "மிச்சம் எங்கே?"

 சபையில் தான் கேட்டதே இப்படிக் கிண்ணத்துக்கு எதிரே வந்து உட்காரும் என்று சாத்தப்பர் நினைத்திருக்கவில்லை. வாயைத் திறந்தார்.

"'தாயே, என் காலைக் காப்பாத்தின கைக்காக இதைக் குடிக்கிறேன். ஆனா இது கஞ்சி இல்லை, கடல். இன்னொரு கிண்ணம் ஊத்தினா, கால் போயிருந்தாலே தேவலைன்னு ஆயிடும்.' இதான் சொன்னான்."

நங்கையார் சிரித்துவிட்டார். மூலையிலிருந்த மாலுமி திடுக்கிட்டு இரண்டு பேரையும் மாறிமாறிப் பார்த்தான். தன்னைப் பற்றித்தான் சிரிக்கிறார்கள் என்று அவன் முகத்தில் எழுதியிருந்தது.

"ஏன் முதல்லயே இதைச் சொல்லலை?" என்றார் நங்கையார்.

"அவன் உங்களைப் புண்படுத்தணும்னு சொல்லலை. நீங்களும் பாசத்தோட குடுத்தீங்க. நடுவில நான் எதுக்கு..."

அவர் நிறுத்திக்கொண்டார். தான் என்ன சொல்லிக்கொண்டிருக்கிறோம் என்று அவருக்கே கேட்டுவிட்டது.

"எப்போ படிச்சீங்க?"

"என் தோணிக் கொட்டகையில தச்சு வேலை பாத்த தீவுக்காரன் ஒருத்தன். காய்ச்சல்ல போயிட்டான். அவன்கிட்ட, யாருக்கும் தெரியாம."

"எதுக்கு?"

"வீரபாகு பொய் சொல்றான்னு கண்டுபிடிக்க. கையும் களவுமாப் பிடிக்கணும்னு. வருஷக்கணக்கா சபையில காதைத் தீட்டிக்கிட்டு உக்காந்திருந்தேன் அம்மா."

"பிடிச்சீங்களா?"

"இல்லை. மிளகு விஷயத்துல, துணி விஷயத்துல, ஒரு சொல் மாத்தினதில்லை அவன். திட்டை மட்டும் விட்டுடுவான். நம்ம பசங்க அவங்களைத் திட்டினாலும் விட்டுடுவான், அவங்க நம்மளைத் திட்டினாலும் விட்டுடுவான்."

"ஊருக்குச் சொன்னீங்களா?"

"எப்படிச் சொல்வேன்? எனக்கும் அந்தப் பேச்சு தெரியும்னா, தலைவரும் அவங்க ஆளான்னு கேப்பாங்க. என் ஊரை எனக்குத் தெரியும்."

அதை அவர் சொன்ன விதத்தில் பயம் இருந்தது. கொஞ்சம் பெருமையும் இருந்தது. யாருக்கும் தெரியாமல் தனக்கு மட்டும் தெரிகிற ருசியை அவர் வெகுகாலம் அனுபவித்துவிட்டார்.

நங்கையார் மாலுமியின் கிண்ணத்தை எடுத்துக் கழுவி, நல்ல தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார். அவன் அதையும் முதலில் முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் குடித்தான்.

"காலையில வீரபாகு பெண்டாட்டி வந்திருந்தா" என்றார் நங்கையார். "அழலை. ஒண்ணு மட்டும் சொன்னா. அன்னைக்குச் சபையில பெண்கள் பக்கத்துல நின்னாளாம். கப்பல் தலைவன் பேசிக்கிட்டிருக்கும்போதே, இவ புருஷன் வாயைத் திறக்கும் முன்னாலேயே, உங்க முகம் கறுத்துப்போச்சாம். அப்புறம்தான் பானையில உப்பை அள்ளிப் போட்டேன்."

சாத்தப்பர் நிமிர்ந்தார்.

"அப்போ என்னைச் சோதிச்சீங்களா அம்மா? நீங்களுமா?"

"ஆமா. நானுந்தான் இந்த ஊர்க்காரி. அன்னைக்குக் கப்பல் தலைவன் பேசினதுல மிச்சம் என்ன?"

சாத்தப்பர் சொன்னார்:

"'நடுவில உக்காந்து அசைபோட்டுக்கிட்டு இருக்கானே ஒரு ஆட்டுத்தலையன், அவனுக்கு மிளகுக்கும் எலிப் புழுக்கைக்கும் வித்தியாசம் தெரியுமா? போன தடவை பாதிக்குப் பாதி அதுதான் வந்துச்சு. அதனால இந்தத் தடவை பாதி போதும்.' இப்படித்தான் ஆரம்பிச்சான். அப்புறம் என் தாடியைப் பத்திச் சொன்னான். அதுக்குத்தான் அவங்க சிரிச்சாங்க."

"வீரபாகு?"

"என்னைப் பாத்தான். ஒரு நொடி. அப்புறம் வாயைப் பொத்திக்கிட்டு மிளகை மட்டும் சொன்னான்."

"உங்களுக்குப் புரிஞ்சுதுன்னு அவனுக்குத் தெரியுமா?"

"தெரியாது. எனக்குப் புரியலைன்னு நினைச்சு, என் மானத்தைக் காப்பாத்தினான். அந்தப் பார்வைதான் அம்மா. பாவம், இந்தக் கிழவனுக்குத் தெரிய வேண்டாம்னு ஒரு பார்வை. அதை என்னால தாங்க முடியலை."

"அதனால கேட்டீங்க."

"அதனாலதான் கேட்டேன். எத்தனை பேருக்கு முன்னால கேட்டாலும் அவன் சொல்ல மாட்டான்னு தெரிஞ்சேதான் கேட்டேன்."

அவர் கண் கலங்கியது. அதை மறைக்கத் தோளிலிருந்த துண்டை எடுக்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை.

 கிண்ணத்துக்குப் பக்கத்தில் இலையும் அதில் விரல் தடத்தோடு உப்பும் அப்படியே இருந்தன.

"ஊரே படிச்சிட்டா" என்றார் சாத்தப்பர் மெல்ல, "அடுத்த காத்துக்கு அவங்க பேசுறதை எல்லாரும் நேராவே கேட்டுப்பாங்க. வீரபாகு எதை விட்டான், ஏன் விட்டான்னு தானாப் புரியும். யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை."

"அடுத்த காத்துக்கு."

"ஆமா."

"அதுக்குள்ள வீரபாகு எந்தக் கரையில இருப்பான்?"

சாத்தப்பர் தலையைக் குனிந்துகொண்டார். தீவுக்காரர்களும் வீரபாகுவை நம்புவதில்லை. வழியில் எந்த மணல் திட்டில் இறக்கிவிடுவார்களோ, அவர்களுக்குத்தான் தெரியும்.

அப்போது ஊர்ப் பக்கமிருந்து முரசுச் சத்தம் வந்தது. சபை கூடுகிறது. மாலுமி அந்தச் சத்தத்தைக் கேட்டு என்னவோ கேட்டான். நங்கையார் சாத்தப்பரைப் பார்த்தார்.

"தன்னைப் பிடிக்கத்தான் முரசு அடிக்கிறாங்களான்னு கேக்குறான்" என்றார் சாத்தப்பர்.

"இல்லைன்னு சொல்லுங்க."

சாத்தப்பர் தயங்கினார். பிறகு மாலுமியின் பக்கம் திரும்பி, வாழ்க்கையில் முதல் தடவையாக மூன்றாவது ஆளின் முன்னால் அந்த மொழியில் பேசினார். இரண்டே வார்த்தைதான். மாலுமி வாயைப் பிளந்தான். அடுத்த கணம் அவன் பார்வை காலிக் கிண்ணத்துக்குப் போய்விட்டு, கூச்சத்தோடு நங்கையாரிடம் வந்தது. கஞ்சியைப் பற்றித் தான் சொன்னதெல்லாம் இந்நேரம் வெளியே வந்திருக்கும் என்று அவனுக்கு உறைத்துவிட்டது. நங்கையார் கையை ஆட்டி, பரவாயில்லை என்றார். அவன் மறுபடி கைகூப்பினான். இந்தத் தடவை ஒன்றும் பேசவில்லை.

சாத்தப்பர் எழுந்தார். துண்டை உதறித் தோளில் போட்டார். வாசல் வரைக்கும் போய்விட்டுத் திரும்பி நின்றார்.

"நான் கேட்டதுக்குப் பதில் சொல்லலையே அம்மா. சபை என்கிட்டத்தான் கேக்கும். எல்லாரும் அந்த மொழியைப் படிக்கணுமா, வேண்டாமா?"

"படிச்சா நல்லதுதான். நானே படிக்கலாம்னு இருக்கேன். தம்பி மாதிரி யாராவது கஞ்சியைத் திட்டினா எனக்கும் புரியட்டும்."

"அப்போ தீர்மானத்தைக் கொண்டுவரட்டுமா?"

நங்கையார் சாத்தப்பரின் கிண்ணத்தை எடுத்து, தொடாத கஞ்சியைத் தென்னை மரத்தடியில் ஊற்றினார்.

"இங்கேயிருந்து சபை வரைக்கும் நடக்கணும் இல்லையா? போற வழியில ஒரு வார்த்தையைச் சொல்லிப் பழகிக்கிட்டே போங்க. அது வாயில வந்துட்டா, மீதியை அப்புறம் பாத்துக்கலாம்."

"தீவு மொழியிலயா? என்ன வார்த்தை?"

"ஆட்டுத்தலையன்" என்றார் நங்கையார். "நம்ம பேச்சுலயே சொல்லுங்க. ஊருக்கு நல்லாவே புரியும்."